வட்டவடை வகுப்பைக் கீழே இருந்து பார்க்க: ஜூம், போன், காலர் மைக் போதுமா?

பி.எட். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். கேரளத்தின் இடுக்கி மலையில் உள்ள தமிழ் மீடியம் பள்ளிகளில் பயிற்சி மாணவர்கள் எடுக்கும் பாடத்தை, மதிப்பெண் போடும் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொரு முறையும் நேரில் போய்ப் பார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மூணாறிலிருந்து வட்டவடைக்கு மட்டுமே சுமார் 45 கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கு மாற்றாகத்தான் வகுப்பில் ஒரு போன், அதில் ஜூம், ஒரு காலர் மைக் என்ற இந்த செட். படம் தேறிவிடுகிறது, படுத்துவது சத்தம்தான்.

ஜூம் தானாகவே பின்னணி இரைச்சலைக் குறைக்கும். ஆபீஸ் மீட்டிங்குக்கு நல்லது, வகுப்புக்கு ஆகாது. பிள்ளைகள் சேர்ந்து சொல்லும் பதிலும் குழுவேலையின் சலசலப்பும் அதற்கு இரைச்சல்தான். ஆசிரியர் குரல் மட்டும் கணீரென்று வரும். பார்ப்பவர் ‘மாணவர் பங்கேற்பு குறைவு’ என்று எழுதி மதிப்பெண்ணில் கை வைப்பார். பாவம், அந்தப் பயிற்சி மாணவர் என்ன செய்வார்? செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போட்டால் இது தீரும். வகுப்பில் இருக்கும் போனில் போட வேண்டும். பார்ப்பவர் தன் போனில் போட்டுப் பயனில்லை.

மைக்குக்கு, சட்டைக் காலரில் மாட்டும் வயர் மைக்கான போயா பிஒய்-எம்1 தாராளம். எல்லாத் திசையிலும் சத்தம் பிடிப்பதால் முன்பெஞ்சுக் குரலும் விழும். அதிலுள்ள சுவிட்ச் ‘ஸ்மார்ட்போன்’ பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 3.5 எம்எம் ஓட்டை இல்லாத போனுக்கு டைப்-சி கன்வெர்ட்டர் வேண்டும். பாட்டு கேட்க மட்டும் ஆகிற மலிவான கன்வெர்ட்டரில் மைக் வேலை செய்யாது. 6 மீட்டர் வயர் நீளம்தான், ஆனால் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பாடம் எடுப்பவர் காலில் சிக்கும். அவர்களுக்கு ஒயர்லெஸ்ஸே சரி.

ட்ரைபாடைப் பின்சுவரில் வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு: முதுகுகள்தான் தெரியும். கரும்பலகைப் பக்கத்து மூலையில், ஜன்னல் போனுக்குப் பின்னால் வருகிற மாதிரி வைத்தால் பிள்ளைகள் முகமும் பலகையின் பாதியும் கிடைக்கும். போனைப் படுக்கை வாட்டில் வைத்துப் பின்கேமராவைப் போடுங்கள். 8 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஹைடெக் வகுப்பறைகளில் புரொஜெக்டர் இருக்கும். அந்தத் திரை ஃப்ரேமுக்குள் வந்தால் ஆசிரியர் கருப்பு உருவமாகிவிடுவார்.

இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். 45 நிமிட பீரியட் என்றால் கடைசி மதிப்பீட்டுக் கேள்விகள் போச்சு. காசு கட்ட மனமில்லையா? கூகுள் மீட் இலவசத்தில் மூவர் சேர்ந்தாலும் 60 நிமிடம் ஓடும். வீடியோ தரம் கூடக்கூட டேட்டாவும் கூடுதலாகப் போகும். மலையில் நெட் திணறினால் வீடியோவை நிறுத்திவிட்டு ஆடியோவை ஓடவிடலாம். நடுவில் அழைப்பு வந்தால் மைக்கை அது பிடித்துக்கொள்ளும், அதனால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ கட்டாயம்.

ஹெச்.எம். அனுமதியும் பெற்றோர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். ரெக்கார்டிங் தேவையில்லை.

நோட்டுப் புத்தகம் மட்டும் இதில் தெரியவே தெரியாது. பாடம் முடிந்ததும் நாலைந்து பிள்ளைகளின் நோட்டை, பெயர் தெரியாமல் படமெடுத்து அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.