ஃபிராங்க்ஸில் எந்த வேரியண்ட்? மலையில் ஓட்டுபவரின் கணக்கு

மாருதி ஃபிராங்க்ஸ்தான் என்று வீட்டில் முடிவான பிறகுதான் உண்மையான குழப்பமே ஆரம்பிக்கிறது. சிக்மா, டெல்டா, டெல்டா பிளஸ், ஜீட்டா, ஆல்ஃபா என்று ஐந்து படிகள். அதற்குள் இரண்டு இன்ஜின், மூன்று விதமான கியர்பாக்ஸ். 2023 ஏப்ரலில் வண்டி விற்பனைக்கு வந்தபோது அடியில் 7.46 லட்சம், உச்சியில் 13 லட்சத்தைத் தொடும் விலை. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வண்டி, உள்ளே ஐந்தரை லட்சம் வித்தியாசம்.

நான் கோத்தகிரிப் பக்கம் இருப்பவன். 2024 தொடக்கத்தில் டெல்டா பிளஸ் டர்போ, மேனுவல் கியரில் எடுத்தேன். திருப்பூரில் இருக்கும் மச்சான் அதே டெல்டா பிளஸை 1.2 லிட்டர் இன்ஜினோடு எடுத்திருக்கிறார். அவர் மேலே வரும்போதெல்லாம் இரண்டு பேரும் சாவியை மாற்றிக்கொள்வோம். ஆகவே அந்த இரண்டைப் பற்றித் தெம்பாகப் பேச முடியும். ஜீட்டாவை ஷோரூமிலும் டெஸ்ட் டிரைவிலும் பார்த்ததோடு சரி.

முதலில் சுலபமாகக் கழிக்கக்கூடியவற்றைக் கழித்துவிடலாம். சிக்மாவில் டச் ஸ்கிரீன் கிடையாது. வெளியே போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் அதையும் இதையும் போட்டு முடிக்கும்போது டெல்டா விலை வந்துவிடும். ஆல்ஃபாவில் 360 டிகிரி கேமரா, கண்ணாடியில் வேகம் காட்டும் ஹெட் அப் டிஸ்ப்ளே, க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் உண்டு. க்ரூஸ் கன்ட்ரோலை நீலகிரியில் எங்கே போடுவது என்று யாராவது சொன்னால் நல்லது. அந்த 360 கேமரா மட்டும் கோத்தகிரி மார்க்கெட் சந்துகளில் உதவும், மறுக்கவில்லை. அதற்காக அவ்வளவு தொகையா என்றால், என் பட்ஜெட்டில் இல்லை.

டயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது ஃபிராங்க்ஸில் எனக்குப் பிடித்த விஷயம். சிக்மாவிலிருந்து ஆல்ஃபா வரை ஒரே அளவு, 195/60 ஆர்16. மேல் வேரியண்ட் எடுத்ததற்காக ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் கூடுதலாக அழ வேண்டியதில்லை. வழுக்கும்போது வண்டியைக் கட்டுக்குள் வைக்கும் இ.எஸ்.பி.யும் ஹில் ஹோல்டும்கூட எல்லா வேரியண்ட்டிலும் வந்துவிடுகின்றன. ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்குப் போவதற்குள் வண்டி பின்னால் உருளாது. மலையில் பழகுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் இருப்பதால் தேர்வுக்கு உதவாது.

மிச்சம் இருப்பவை மூன்று: டெல்டா பிளஸ் 1.2, டெல்டா பிளஸ் டர்போ, ஜீட்டா டர்போ. அறிமுக விலைப்படி 8.72, 9.72, 10.55 லட்சம். ஜீட்டாவிலும் அதற்கு மேலும் அப்போது 1.2 இன்ஜின் கிடைக்கவில்லை, டர்போ மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது இன்ஜினுக்கு வருவோம். என் முடிவு இதில்தான் விழுந்தது.

காகிதத்தில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 1.2க்கு 90 குதிரைத்திறன், 1.0 டர்போவுக்கு 100. பத்துக் குதிரைக்கு ஒரு லட்சமா என்றுதான் மச்சானும் கேட்டார். திருப்பூரில் உட்கார்ந்து கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண்கள் கீழே சமவெளியில் செல்லுபடியாகும் எண்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். சாதாரண பெட்ரோல் இன்ஜின் வெளியே இருக்கும் காற்றைத் தானாக உறிஞ்சுவது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எரிக்கும் பெட்ரோலும் குறையும், சக்தியும் அதே அளவுக்கு விழும். 90 என்று எழுதியிருப்பது ஊட்டி சேரிங் கிராஸில் எழுபத்து சொச்சம்தான். கீழே இருந்து வரும் உறவினர் தொட்டபெட்டாவில் நாலு படி ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்குவாரே, அந்த நிலைமைதான்.

டர்போ, சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுற்றி, மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிவிடும். உயரம் அதற்கும் கொஞ்சம் உறைக்கும், ஆனால் 1.2க்கு உறைக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே கோவையில் பத்துக் குதிரையாக இருந்த இடைவெளி மேலே வரவர விரிந்துகொண்டே போகிறது.

அதைவிட முக்கியம், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும்போது முழு இழுவிசை கிடைக்கிறது என்பது. 1.2 தன் முழு 113 நியூட்டன் மீட்டரைத் தர 4,400 ஆர்.பி.எம். வரை போக வேண்டும். டர்போ 147.6ஐ 2,000லேயே தந்துவிடும், 4,500 வரை விடாது. குஞ்சப்பனை தாண்டி அரவேணு நோக்கி ஏறும்போது இது காலிலேயே தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். நாலு பேர், டிக்கி நிறைய சாமான், முன்னால் பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி. 1.2ல் மூன்றாவது கியர் தாங்காது, இரண்டாவதில் போட்டு அலற விட வேண்டும், லாரியைத் தாண்டலாமா வேண்டாமா என்று இரண்டு வளைவு யோசிக்க வேண்டும். டர்போ மூன்றாவதிலேயே இழுத்துக்கொண்டு போகும். கிடைக்கும் சின்ன நேர்ச்சாலையில் தாண்டி முடித்துவிடலாம். ஓவர்டேக் செய்ய எடுக்கும் நேரம் குறைவது சொகுசு இல்லை, எதிரே பஸ் வரும் ரோட்டில் அது பாதுகாப்பு.

சரி, டர்போவில் குறையே இல்லையா? இருக்கிறது. 2,000க்குக் கீழே அது வெறும் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். கொண்டை ஊசி வளைவில் சோம்பல்பட்டு இரண்டாவது கியரிலேயே திருப்பினால் ஒரு கணம் செத்ததுபோல நிற்கும், பிறகு திடீரென்று பாயும். முதல் கியருக்கு இறங்கிப் பழகிக்கொள்ள வேண்டும். 1.2 நாலு சிலிண்டர் இந்த விஷயத்தில் சீரானது, காலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஏறும். இறக்கத்திலும் 1.2 ஒரு படி மேல். பெரிய இன்ஜின் என்பதால் இரண்டாவது கியரில் வண்டியை நன்றாகப் பிடிக்கிறது. டர்போவில் அதே இறக்கத்துக்குப் பிரேக்கைச் சற்று அதிகம் தொட வேண்டியிருக்கிறது. கல்லட்டி மாதிரி 36 வளைவு உள்ள செங்குத்து இறக்கத்தில் எந்த இன்ஜினானாலும் முதல் கியர்தான், அங்கே வாதமே இல்லை.

மைலேஜில் கம்பெனிக் கணக்குப்படி இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டித்தான் நிற்கின்றன: 1.2 மேனுவல் 21.79, டர்போ மேனுவல் 21.5. மலையில் இரண்டுமே அந்த எண்ணைக் கனவில்தான் பார்க்கும். எனக்கு மேலேயே சுற்றினால் பதினான்கு, பதினைந்து. மச்சான் வண்டி கீழே அவினாசி ரோட்டில் என்னுடையதைவிட நன்றாகத் தருகிறது. மலை ஏறும்போது 1.2ஐ அலற விட்டுத்தானே ஓட்டுகிறோம், அதனால் அங்கே வித்தியாசம் கரைந்துபோகிறது.

அப்புறம் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை மாற்றினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும் 18. இதை வைத்துப் போட்டுப் பாருங்கள். டெல்டா பிளஸ் டர்போ 9.72 லட்சத்துக்கு வரி 1.26 லட்சம். ஜீட்டா டர்போ 10.55க்கு 1.90 லட்சம். ஷோரூம் விலையில் 83,000 வித்தியாசம், வரியில் மேலும் 63,000 சொச்சம். ஆகமொத்தம் ஜீட்டாவில் கூடுதலாகக் கிடைப்பவற்றுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது கிட்டத்தட்ட 1.46 லட்சம். 1.2லிருந்து டர்போவுக்கு மாற வரியோடு சேர்த்து 1.13 லட்சம்தான். இன்ஜினைவிடச் சாமான்களுக்கு அதிக விலை என்பது எனக்கு ஒப்பவில்லை.

அந்தச் சாமான்கள் என்னென்ன? பின் கேமரா, ஒயர்லெஸ் சார்ஜர், பின்சீட்டுக்கு ஏ.சி. வென்ட், சாவி போடாமல் ஸ்டார்ட் செய்யும் பட்டன், ஏற்றி இறக்கும் டிரைவர் சீட், பின் வைப்பர். கோத்தகிரியில் பின்சீட்டு ஏ.சி. வென்ட்டுக்கு என்ன வேலை என்பதை விட்டுவிடுவோம். கேமராவை வெளியே மாட்டிக்கொண்டேன். ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து மாட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு வாரண்டியில் வம்பு வரும். சீட் உயரம் மட்டும் குட்டையானவர்களுக்கு உண்மையான காரணம். கொண்டை ஊசியில் பானட்டின் மூலை தெரிய வேண்டும். என் மனைவி அடியில் ஒரு குஷன் போட்டு ஓட்டுகிறார்.

பின் வைப்பரை வெளியே மாட்ட முடியாது. கண்ணாடியைத் துளைத்து, மோட்டார் வைத்து, அந்த வேலையே வேண்டாம். டெல்டா பிளஸில் பின் கண்ணாடியைச் சூடேற்றும் கோடுகள் இருக்கின்றன. மிஸ்ட் இறங்கும் காலையில் உள்பக்கப் படலத்தை அது போக்கிவிடும். வெளிப்பக்கம் தெறிக்கும் சேற்றை ஒன்றும் செய்யாது. ஐப்பசி மழையில் துணி ஒன்றைக் கதவில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்துக்கு இது போதும். ஆனால் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவம் முழுக்கப் பின் கண்ணாடி சேறாகத்தான் இருக்கும். அதே சமயம் கூடலூரின் உயரம் ஊட்டியில் பாதிக்கும் குறைவு, 1.2 அங்கே அவ்வளவு திணறாது. அதாவது அவர்களுக்கு வைப்பர் வேண்டும், டர்போ கட்டாயமில்லை. நான் வாங்கிய சமயத்தில் கம்பெனியோ டர்போ வாங்காதவர்களுக்கு வைப்பர் தரவில்லை. கூடலூர்க்காரர்களுக்கென்று இந்த வண்டியில் வேரியண்ட்டே போடவில்லை.

ஜீட்டாவின் பக்கம் பலமாக நின்ற ஒரு வாதம் ஏர்பேக். நான் வாங்கிய சமயத்தில் டெல்டா பிளஸ் டர்போவில் இரண்டு, ஜீட்டாவில் ஆறு. பணம் கட்டும்வரை என்னை உறுத்தியது அது ஒன்றுதான். 2025 ஜூலையில் எல்லா வேரியண்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது, இப்போது வாங்குபவர்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. ஃபிராங்க்ஸ் நாலு மீட்டருக்குள் அடங்குவதால் இரண்டு இன்ஜினுக்குமே பொருந்தும். நடுவில் ஏறிய விலையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் பழைய 10.55 லட்சம் 9.65 ஆகிறது. பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கியதால் வாழ்நாள் வரியும் 13 சதவீதத்துக்கு வந்துவிடும். 1.46 லட்சமாக இருந்த இடைவெளி 86,000 அளவுக்குச் சுருங்குகிறது. அந்தத் தொகைக்கு ஜீட்டாவை எடுக்கிறேன் என்று இன்று யாராவது சொன்னால் நான் தடுக்க மாட்டேன். நான் மறுத்தது அன்றைய விலையில். எந்த வேரியண்ட்டில் எந்த இன்ஜின் என்பதைக் கம்பெனி அடிக்கடி மாற்றும், போகும் அன்றைக்கு உள்ள பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. 1.2ல் வரும், மேனுவல் கியரையே தானாக மாற்றும் ஏ.எம்.டி.யை மே சீசன் நெரிசலில் பர்லியாரிலிருந்து குன்னூர்வரை ஊர்ந்து ஏற்ற நான் விரும்ப மாட்டேன், கிளட்ச் சூடாகும். டர்போவில் வரும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வேறு ரகம், ஸ்டியரிங்கிலேயே கியரைக் கூட்டிக் குறைக்கலாம். முட்டி வலி உள்ளவர்களுக்கு அதுதான் சரி. அறிமுக விலையே 12 லட்சத்தைத் தாண்டியது, அதனால் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

ரீசேலில் என் அனுபவம் குறைவு. மெக்கானிக்குகள் பழைய 1.2க்குத்தான் ஆள் அதிகம் என்கிறார்கள், டர்போ என்றால் வாங்குபவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பாராம். டர்போ ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி எப்படி இருக்கும் என்பதற்கும் என் வண்டி இன்னும் சாட்சி இல்லை. ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்றுகிறேன். ஏறி வந்ததும் உடனே நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடுகிறேன்.

டெஸ்ட் டிரைவைக் கோவையில் ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டி முடித்துவிடாதீர்கள், அங்கே 1.2ம் டர்போவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கேட்டால் மேலே வண்டி கொண்டுவந்து காட்டுவார்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு, கட்டபெட்டிலிருந்து தொட்டபெட்டா ஜங்ஷன் வரை இரண்டு இன்ஜினையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். திரும்பும்போது இரண்டாவது கியரில் இறங்கி, பிரேக்கை எத்தனை முறை தொடுகிறீர்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.