ஆயில் பிரஷர் பஸ்ஸர் கத்தினால் முதலில் இந்த கேஜை மாட்டிப் பாருங்கள்

பழைய கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஆயில் லைட் மினுக்கினாலே வயிற்றில் புளி கரைக்கும். "பேரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள். நான் வாங்கியது பெரிய பிராண்டெல்லாம் இல்லை: சில பித்தளை அடாப்டர்கள், ஒரு ரப்பர் ஹோஸ், 10 பார் (பிரஷர் அளவு) வரை காட்டும் டயல், அவ்வளவுதான்.

என் வண்டி 1980களின் ஃபோக்ஸ்வேகன் டி3, வாட்டர்பாக்ஸர் எஞ்சின் (தண்ணீரால் குளிரும், சிலிண்டர்கள் படுக்கையாக இருக்கும் வகை). இதில் பிரஷர் சுவிட்ச் இரண்டு. பிரஷர் 0.3 பாருக்குக் கீழே இறங்கினால் ஒன்று லைட்டை மினுக்க வைக்கும். இன்னொன்று 0.9 பார் சுவிட்ச்; எஞ்சின் வேகம் 2000 ஆர்பிஎம் தாண்டியும் அதன் உள்ளே கனெக்ஷன் சேரவில்லை என்றால் பஸ்ஸர் கத்தும். கூத்து என்னவென்றால், இந்த இரண்டாவது சுவிட்சின் ஒயர் கழன்றிருந்தாலே போதும், பிரஷர் நன்றாக இருக்கும்போதே பஸ்ஸர் அலறும். முதல் சுவிட்ச் நேரெதிர், அதன் ஒயர் பாடியில் உரசி எர்த் ஆனால் லைட் வரும்.

அதனால் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் தேய்ந்த பேரிங்கூட நல்ல பிரஷர் காட்டி ஏமாற்றும். ஆயில் 80 டிகிரியில், 2000 ஆர்பிஎம்மில் குறைந்தது 2 பார் வர வேண்டும். எனக்கு 3 பக்கத்தில் ஆடாமல் நின்றது. கழற்றிய 0.9 சுவிட்சைத் துடைத்துப் பார்த்தால், ஒயர் மாட்டும் முனையைச் சுற்றி ஆயில் கசிந்து கருப்பாகப் படிந்திருந்தது. புது சுவிட்ச் போட்டதும் பஸ்ஸர் அடங்கிவிட்டது.

கேஜிலும் நிஜமாகவே குறைவாகக் காட்டினால் அது வேறு கதை. வரிசையாகப் பாருங்கள்: ஆயில் அளவு, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை (பெட்ரோல் கலந்தால் ஆயில் நீர்த்துப் போகும்), அப்புறம் அதிகப்படி பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு, பம்ப், கடைசியாகத்தான் பேரிங். கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் முள் கொஞ்சம் ஏறும், சரி, ஆனால் பேரிங் தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

கிட்டில் குறை இல்லாமல் இல்லை. கூட வந்த வாஷர் தண்டம், சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டது. செம்பு வாஷர் போட்ட பிறகுதான் நின்றது. ஒழுகுகிறதே என்று மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளாதீர்கள், துணுக்கு உள்ளே போய் ஆயில் வழியை அடைக்கும். ஹோஸ் ரொம்பக் குட்டை. எஞ்சின் ஓடும்போது சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே தலையை நீட்டி டயலைப் படிக்க வேண்டியிருக்கிறது. இன்னும் இரண்டு முழம் நீளம் இருந்திருந்தால் ஐந்து ஸ்டார் கொடுத்திருப்பேன், இப்போதைக்கு நான்கு.