நாடாளுமன்ற மின்நூலகம்: ‘அன்னைக்கு வேற மாதிரி பேசினீங்களே’ என்று கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு விமர்சனம்

தேர்தல் நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வகை வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் ஒரு தலைவர் பல வருடங்களுக்கு முன் பேசியது, இன்னொரு பக்கம் அதே தலைவர் இப்போது பேசுவது, கீழே பெரிய எழுத்தில் ‘பல்டி’ என்று ஒரு வார்த்தை. இரண்டு பேச்சுக்கும் நடுவில் என்ன நடந்தது, எந்தச் சட்டம் மாறியது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த வீடியோவில் இருக்காது. நமக்குத் தேவையானது அந்த நடுப்பகுதிதான். அதைத் தேடிப் படிக்க இந்தியாவில் இருக்கும் மிக நல்ல இலவசச் சேவை நாடாளுமன்ற மின்நூலகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழில் இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை, அதனால்தான் இந்த விமர்சனம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1952 முதலான மக்களவை விவாதங்கள், அதற்கு முந்தைய அரசியல் நிர்ணய சபை விவாதங்கள், நிலைக்குழு (மசோதாக்களை அலசும் எம்.பி.க்கள் குழு) அறிக்கைகள், பட்ஜெட் உரைகள், குடியரசுத் தலைவர் உரைகள் எல்லாம் பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. மாநிலங்களவைக்குத் தனியாக ஒரு விவாதத் தளம் உண்டு, அதையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். காசு கிடையாது. உறுப்பினர் பெயர், தேதி, விவாத வகை என்று தேடலாம். ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தேட முடியும், தமிழில் முடியாது என்பது நம்மவர்களுக்குப் பெரிய குறை. பழைய ஆண்டுகளின் பக்கங்கள் ஸ்கேன் செய்யப்பட்டவை. கைபேசியில் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம், மடிக்கணினி இருந்தால் நல்லது.

சரி, இதை வைத்துக்கொண்டு ஒரு அரசியல்வாதி நிலைப்பாட்டை மாற்றியது நியாயமா இல்லையா என்று தீர்மானிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்: அன்றைக்கு எதிர்த்தபோது என்ன காரணம் சொன்னார் என்று அவைக்குறிப்பில் பார்க்க வேண்டும், பிறகு ஆதரித்த நாளின் பேச்சை எடுத்து, அந்தப் பழைய காரணத்துக்கு என்ன பதில் என்று தேட வேண்டும். காரணம் தீர்ந்திருந்தால் மாறியது நியாயம். தீராமலே மாறியிருந்தால், ஏன் என்று அவர் நமக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்வோம், இது அதிகம் பல்டி வீடியோ போடப்பட்ட விஷயம். 2006 பட்ஜெட் உரையில் ப.சிதம்பரம் 2010 ஏப்ரல் 1-ஐ இலக்காக அறிவித்தார். 2011-இல் பிரணாப் முகர்ஜி அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அப்போது கடுமையாக எதிர்த்த மாநிலங்களில் நரேந்திர மோடி முதல்வராக இருந்த குஜராத்தும் ஒன்று. அதே மோடி பிரதமராக இருக்கும்போது 2016 ஆகஸ்டில் திருத்தம் நிறைவேறி, 2017 ஜூலை 1 முதல் வரி அமலானது. வீடியோ இங்கேயே நின்றுவிடும். ஆனால் அன்றைய எதிர்ப்பின் சாரம் என்ன? உற்பத்தி மாநிலங்களுக்கு வருவாய் இழப்பு வரும், அதை ஈடுகட்ட சட்டப்படியான உத்தரவாதம் இல்லை, மாநிலங்களின் தலைக்கு மேல் ஒரு தகராறு தீர்ப்பு ஆணையம் உட்காரும் என்பவை. பிறகு வந்த மசோதாவில் அந்த ஆணையம் இல்லை. 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சியைக் கணக்கிட்டு, ஐந்து ஆண்டுக்கு இழப்பீடு என்று தனிச் சட்டமே வந்தது. 2016 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் பேசும்போது, முதல்வராக இருந்த காலத்தில் தனக்கும் தயக்கங்கள் இருந்தன என்பதையும் அந்த அனுபவம் இப்போது உதவியது என்பதையும் பிரதமர் சொன்னார். ஜிஎஸ்டி அமலான விதம் பற்றி எனக்குக் கடும் விமர்சனம் உண்டு, சிறு வியாபாரிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனாலும் இந்த நிலைப்பாட்டு மாற்றத்தை நான் நியாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் ஆட்சேபங்களில் முக்கியமானவற்றுக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

இதே அளவுகோலை ஆதாரில் வைத்துப் பாருங்கள், கதை வேறு. 2010-இல் காங்கிரஸ் கூட்டணி அரசு, ஆதாருக்குச் சட்ட அடிப்படை தருவதற்காகத் தேசிய அடையாள ஆணைய மசோதாவைக் கொண்டுவந்தது. அது நிதித் துறை நிலைக்குழுவுக்குப் போனது, தலைவர் அப்போது பாஜகவில் இருந்த யஷ்வந்த் சின்ஹா. 2011 டிசம்பரில் வந்த அந்த அறிக்கை மின்நூலகத்தில் இருக்கிறது, தவறாமல் படியுங்கள். மசோதாவை அந்தக் குழு ஏற்கவில்லை. மக்களின் தகவல்களை இவ்வளவு பெரிய அளவில் திரட்டுவதற்கு முன்னால் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 2016 மார்ச்சில் பாஜக அரசு ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாக, அதாவது மாநிலங்களவை திருத்தங்களைப் பரிந்துரைக்க மட்டுமே முடிகிற வகையில், கொண்டுவந்து நிறைவேற்றியது. மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்களை மக்களவை அன்றைக்கே நிராகரித்துவிட்டது. அப்போதைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி விளக்கம் சொல்லாமல் இல்லை. பழைய மசோதாவும் இதுவும் ஒன்றல்ல, இது மானியங்களை உரியவர்களுக்குச் சேர்ப்பதற்கானது என்றார். ஆனால் தகவல் பாதுகாப்புச் சட்டம்? அது 2023-இல்தான் நிறைவேறியது. முன்நிபந்தனை என்று சொன்னது ஏழு வருடம் கழித்து வருகிறது. மாறியது தப்பில்லை, ஆனால் தன் கட்சியின் மூத்த தலைவர் தலைமையிலான குழு எழுதியதற்குப் பதில் சொல்லாமல் மாறியது தப்பு என்பது என் தீர்ப்பு. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பிப் போன கிழவிகளை நினைத்தால் இதை மெதுவாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

வங்கதேச எல்லை விவகாரத்தைப் படித்தபோது நிஜமாகவே கலங்கிப் போனேன். ஒரு நாட்டுக்குள் சிக்கிக்கிடந்த இன்னொரு நாட்டின் துண்டு நிலங்களைப் பரிமாறிக்கொள்ள, 1974-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டு நிலங்கள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டு நிலங்கள், அவற்றில் சுமார் ஐம்பதாயிரம் மனிதர்கள். தன் நாட்டுக்குப் போக இன்னொரு நாட்டைத் தாண்ட வேண்டும். மின்சாரம், பள்ளிக்கூடம், ரேஷன் எதையும் அவர்கள் உரிமையாகக் கேட்க முடியாது. 2013 டிசம்பரில் மன்மோகன் சிங் அரசு அதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தபோது பாஜக, மம்தா பானர்ஜியின் திரிணமூல், அசாம் கண பரிஷத் எல்லாம் எதிர்த்தன. நாட்டின் நிலப்பரப்பு குறைகிறது என்பது பெரிய ஆட்சேபம். 2015 மே மாதம் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கொண்டுவந்தபோது மக்களவையில் 331 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இடையில் அசாமை விட்டுவிட்டு நிறைவேற்றலாமா என்றுகூட யோசித்தார்கள், கடைசியில் அசாமையும் சேர்த்தே வந்தது. ஆக, நிலம் பழைய நிலம்தான், ஒப்பந்தமும் பழைய ஒப்பந்தம்தான். மாறியது யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டுமே. மம்தா பானர்ஜி தரப்பிலாவது, மறுவாழ்வுக்கு மத்திய அரசு பணம் தர வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஒப்புக்கொண்ட பிறகு ஆதரித்தார்கள் என்று ஒரு காரணம் சொல்லலாம்.

இங்கே நான் முடிவெடுக்கக் கொஞ்சம் திணறினேன். 2015-இல் ஆதரித்தது சரி, மிகச் சரி. அப்படியானால் கேள்வி கேட்க வேண்டியது 2013-இன் எதிர்ப்பைத்தான். நல்ல முடிவுக்கு மாறியவரை ‘பல்டி’ என்று திட்டுவதில் அர்த்தமில்லை, ஆனால் அந்த ஒன்றரை வருடம் அந்த ஜனங்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு, அதில் நிலைப்பாடு பெயரளவில் மாறவே மாறாது. 2012 டிசம்பர் 5, காங்கிரஸ் கூட்டணி அரசு சில்லறை வணிகத்தில் அனுமதித்த அந்நிய முதலீட்டை எதிர்த்து மக்களவையில் சுஷ்மா ஸ்வராஜ் கொண்டுவந்த தீர்மானம். 253-க்கு 218 என்று தோற்றது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அவையில் எதிர்த்துப் பேசிவிட்டு, வாக்கெடுப்பு நேரத்தில் வெளிநடப்பு செய்தன. அவர்கள் மொத்தம் 43 பேர். தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்திருந்தால் 261 ஆகியிருக்கும், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். திமுக அன்றைக்கு, முதலீட்டை எதிர்க்கிறோம், ஆனால் பாஜகவுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதால் அரசுக்கு வாக்களிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்தக் காரணத்தை ஏற்கலாம், ஏற்காமல் போகலாம், ஆனால் வாக்காளன் எடைபோட ஒன்று கையில் இருக்கிறது. வெளிநடப்பில் அதுகூட இல்லை.

அப்புறம், தமிழ் வாசகர்கள் மாநிலங்களவைத் தளத்தில் கட்டாயம் எடுக்க வேண்டியது சி.என்.அண்ணாதுரையின் பேச்சுகள். 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்று மாநிலங்களவைக்குப் போனவர், 1962 மே 1 அன்று குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் விவாதத்தில் திராவிட நாடு கேட்டார். நான் திராவிடன் என்பதில் பெருமைப்படுகிறேன், அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ எதிரியில்லை என்ற இடத்தை இப்போது படித்தாலும் சிலிர்க்கும். அதே வருடம் அக்டோபரில் சீனப் போர். பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்தினார். 1963 ஜனவரியில் பதினாறாவது திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது அதை எதிர்த்துப் பேசினார். வேட்பாளர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற திருத்தம் அது. அந்த வருடமே கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கையை விடுகிறோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். பழைய பேச்சை மறைக்கவில்லை, அப்படியெல்லாம் கேட்கவே இல்லை என்று சாதிக்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேச்சையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படியுங்கள், ஒரு மனிதர் எப்படி மாறினார் என்பதும் எதில் மாறவில்லை என்பதும் புரியும்.

இனி இந்தச் சேவையால் முடியாதவை. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான், அதாவது எண்ணாமல் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற குரலை வைத்தே, நிறைவேறுகின்றன, ஆகவே உங்கள் தொகுதி எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று பல சமயம் பதிவே இருக்காது. பதிவு இருந்தாலும் 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவு (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை) இருக்கும்போது அது அவருடைய சொந்த முடிவு என்று சொல்ல முடியாது. ஒரு எம்.பி. மனசாட்சிப்படி மாறினாரா என்று தெரிய பேச்சு மட்டும்தான் வழி, அதையும் கட்சி ஒதுக்கும் நேரத்துக்குள் அடக்க வேண்டும்.

தமிழில் பேசிய உறுப்பினர்களின் பேச்சு ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் கிடைக்கும். மூலப் பேச்சு தமிழில் என்பதைக் காட்டப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். இந்திப் பேச்சுகள் பெரும்பாலும் இந்தியிலேயே இருக்கும், தெரியாதவர்கள் தேதியை வைத்து ஆங்கிலப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடைப் பேச்சு, தேர்தல் அறிக்கை, பேட்டி எதுவும் இதில் வராது. மதுவிலக்கு மாதிரி மாநில விவகாரத்துக்கு இது உதவாது: 1971-இல் தளர்த்தி, 1974-இல் திரும்பக் கொண்டுவந்து, 1981-இல் மறுபடி எடுத்து, 2003-இல் அரசே சில்லறைக் கடை நடத்த ஆரம்பித்த கதையைச் சட்டமன்றக் குறிப்புகளில்தான் தேட வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பத்திரிகையாளர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காரர்கள், வீட்டில் அரசியல் சண்டை போடுகிற எல்லோருக்கும். ஐந்துக்கு நாலு தருவேன், அந்த ஒன்று தமிழ்த் தேடல் இல்லாததற்காக. புதிதாக நுழைபவர்கள் ஆள் பெயரில் ஆரம்பிக்காதீர்கள், எழுத்துக்கூட்டல் பல விதமாக இருக்கும், நேரம் போகும். ஒரு மசோதாவை எடுத்து, அது அறிமுகமான தேதியையும் நிறைவேறிய தேதியையும் செய்தித்தாளில் உறுதி செய்துகொண்டு, அந்த இரண்டு நாட்களின் கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். நிலைக்குழு அறிக்கை இருந்தால் அதை முதலில் படியுங்கள், கேமரா இல்லாத அறையில் எழுதியது என்பதால் கட்சி வேஷம் அதில் குறைவு.