திறந்த பாத்தி, மழைக்கூரை, மூடிய டனல்: நுவரெலியா உயரத்தில் ஸ்ட்ரோபெரிக்கு எது?

நுவரெலியாப் பக்கம் ஸ்ட்ரோபெரி வைக்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், "டனல் அடியுங்கள், குளிர் தாங்காது" என்று நாலு பேராவது சொல்வார்கள். டனல் என்பது பொலித்தீன் போர்த்திய கூடாரம். பாதி தவறான ஆலோசனை அது. ஸ்ட்ரோபெரி குளிருக்கு ஒதுங்கும் செடி இல்லை. 1,868 மீற்றர் உயரமும் 16 பாகையை ஒட்டிய ஆண்டுச் சராசரி வெப்பமும் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. அங்கே அதைக் கெடுப்பது மழை. இலையும் பூவும் பழமும் மணிக்கணக்கில் நனைந்து நிற்பதுதான் முதல் எதிரி. உறைபனி வருடத்தில் சில இரவுகள்தான் வரும், ஈரம் மாதக்கணக்கில் இருக்கும்.

கணக்குக்கு நான்கு பேர்ச் நிலத்தை வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 100 சதுர மீற்றர். பாத்தி அகலம் 70 சென்றிமீற்றர், நடைவழி 50. பாத்திக்கு இரண்டு வரிசை, செடிக்குச் செடி 30 சென்றிமீற்றர், கோணல் கோணலாக. பத்து மீற்றர் நீளத்தில் எட்டுப் பாத்தி வரும், சுமார் 530 செடி பிடிக்கும்.

எந்த முறைக்கும் பொதுவான இரண்டு விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஒன்று இனம். இலங்கையில் பகல் நேரம் வருடம் முழுதும் பன்னிரண்டு மணியைச் சுற்றியே நிற்கிறது. அதனால் குளிர்நாடுகளில் குறும்பகல் இனம் என்று சொல்லப்படும் கமரோசா, சாண்ட்லர், பெஸ்டிவல் போன்றவையும், இரவு குளிர்ந்த இடத்தில் எல்லா மாதமும் பூக்கும். பண்டாரவளை மட்டத்துக்கு இறங்கினால் இரவு வெப்பம் கூடி, பூவைக் குறைத்துக்கொண்டு ஓடுகொடியை நீட்ட ஆரம்பிக்கும். உயரத்தின் இலாபம் இந்தக் குளிர்ந்த இரவுதான். டனலை இறுக்கி மூடி அதை விரட்டுவது, காசு கொடுத்து கீழ்நாட்டை மேலே கொண்டுவருகிற வேலை.

இரண்டாவது நடும் ஆழம். இலைக்காம்புகள் எல்லாம் கூடும் அந்தக் குட்டைத் தண்டின் பாதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், வேர் ஒன்றும் தெரியக்கூடாது. நட்டு, இரண்டு விரலால் பக்கத்து மண்ணை அழுத்தி, ஒரு இலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். செடி அசைந்து வந்தால் மேலே இருக்கிறது, வேர் காயும். குருத்தில் மண் ஏறியிருந்தால் ஆழம் அதிகம், முதல் பெருமழையிலேயே நடுவில் அழுகி, இழுத்தால் குருத்து மட்டும் கையோடு வரும். நோய் என்று நினைத்து மருந்தடிக்கப்படும் செடிகளில் பல, ஆழமாக நட்ட செடிகள்.

திறந்த பாத்தி

செலவு குறைவு என்பதால் எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். 25 முதல் 30 சென்றிமீற்றர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, சரிவுக்குக் குறுக்காக கான், அவ்வளவுதான் கட்டுமானம். மலை மண் பெரும்பாலும் புளிப்பு. பிஎச் 5க்கு அருகில் இருந்தால் சதுர மீற்றருக்கு 200 கிராம் வரை டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) போட்டுக் கொத்தி, மூன்று நான்கு கிழமை விட்டு நடலாம். இலக்கு 5.5க்கும் 6.5க்கும் இடையில். பல வருடம் லீக்ஸ், கரட், கிழங்கு என்று போட்ட மண்ணில் டொலமைட் ஏற்கனவே நிறையப் போயிருக்கும், பொசுபரசும் தேங்கியிருக்கும். அங்கே மண்ணைச் சோதிக்காமல் மூட்டை அவிழ்க்க வேண்டாம்.

கோழி எருவைப் பற்றி ஒரு வார்த்தை. மலைநாட்டு மரக்கறிக்காரர்களின் கை தானாகப் போகும் மூட்டை அது. கோவாவுக்குச் சரி. ஸ்ட்ரோபெரிக்கு உப்பு ஆகாது, புதிய கோழி எருவில் இலை விளிம்பு பழுப்பாகக் கருகும். நன்றாக மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ சதுர மீற்றருக்கு 3 கிலோ போதும். குளிரில் கூட்டெரு மக்க நாளாகும். பதுளையில் மூன்று மாதத்தில் ஆகும் குவியலுக்கு கந்தப்பளையில் ஐந்து மாதமாவது விடுங்கள்.

திறந்த பாத்தி எங்கே தோற்கும் என்றால், பூத்த பிறகு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை, ஒக்டோபர் நவம்பரில் பிற்பகல் மழை, பிறகு வடகீழ்ப் பருவம். சாம்பல் பூஞ்சணத்துக்கு 15 முதல் 25 பாகை வெப்பமும் நனைந்த இதழும் இருந்தால் போதும், இரண்டையும் நுவரெலியா தாராளமாகக் கொடுக்கிறது. பூவில் ஒளிந்திருக்கும் பங்கசு, பழம் சிவக்கும் சமயத்தில் சாம்பல் கம்பளி போர்த்தி வெளியே வரும். அப்போது பங்கசுநாசினி அடிப்பது செத்தவனுக்கு வைத்தியம். அடித்தாலும் மாலை மழை கழுவி, கானில் இறங்கி, நானு ஓயா வழியாகக் கொத்மலை நீர்த்தேக்கம் வரை போகும்.

வெலிமடை, பொரலந்தைப் பக்கம் கதை வேறு. தென்மேற்குக் காலத்தில் ஊவாச் சரிவு மழை மறைவில் இருக்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றுதான். அங்கே திறந்த பாத்தியும் சொட்டுக்குழாயும் மட்டும் வைத்துப் பழம் எடுக்கலாம். காற்றுத் தடுப்புக்கு ஒரு வரிசை வேலி வேண்டும், இல்லையென்றால் பழம் இலையில் உரசி வடுப்படும்.

மழைக்கூரை

கூரை உண்டு, சுவர் இல்லை. இந்த உயரத்துக்கு எங்கள் தெரிவு இதுதான், காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு பாத்திக்கு ஒரு கூரை என்று பிரித்துக் கட்டுங்கள், மொத்த நிலத்துக்கும் ஒரே கூரை வேண்டாம். பாத்தியிலிருந்து கூரை உச்சி 2.2 மீற்றர், ஓரம் 1.5 மீற்றர். கூரை ஓரம் பாத்தியைத் தாண்டி இருபக்கமும் நீள வேண்டும். மலை மழை செங்குத்தாக விழாது, காற்றோடு சாய்ந்து வரும். தூணுக்கு ஒரு அங்குல ஜீ.ஐ. குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) நல்லது. யூகலிப்டஸ் கம்பு வைத்தால் மண்ணில் புதையும் இரண்டு அடிக்குக் கழிவு எண்ணெய் பூசாதீர்கள், அது பாத்திக்குள் கசியும். அடியைத் தீயில் கரியாகச் சுட்டுப் புதையுங்கள்.

பொலித்தீன் 200 மைக்ரோன், யூவி (புறஊதாக் கதிர்) தாங்கும் வகை. சாதாரண பொலித்தீனைப் போட்டால் ஒரு வருடத்துக்குள் சருகு மாதிரி நொறுங்கும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் பத்து வீதத்துக்கு மேல் கூடுகிறது, கீழே ஐந்து வருடம் என்று விற்கப்படுவதற்கு இங்கே மூன்று நான்கு என்று கணக்கு வையுங்கள். முதலில் கிழியும் இடம் குழாயில் பட்டுக்கொண்டிருக்கும் கோடு. வெயிலில் சுடும் இரும்பு பொலித்தீனை அங்கேயே முதுமையாக்குகிறது. குழாயின் மேல்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால், அல்லது பழைய துணியைச் சுற்றினால், ஒரு பருவமாவது கூடக் கிடைக்கும்.

கூரை இலையைக் காய வைக்கிறது, திறந்த பக்கம் காற்றையும் தேனீயையும் உள்ளே விடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பழம். ஸ்ட்ரோபெரிப் பழத்தின் மேல் தெரியும் ஒவ்வொரு விதைக்கும் மகரந்தம் போய்ச் சேர வேண்டும். சேராத பக்கம் சதை வளராது, பழம் மூக்கு நெளிந்து கோணலாகும். கோணல் பழத்தைப் பார்த்துவிட்டுப் போரோன் சத்துக் குறைவு என்று புட்டி வாங்குமுன், காலை பத்து மணிக்குப் பூவில் தேனீ உட்காருகிறதா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

இன்னொரு இலாபம் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர். வருட மழை 1,900 மில்லிமீற்றரை ஒட்டியது என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செடிக்கு நல்ல வெயில் நாளில் கால் லீற்றர் போதும், 530 செடிக்கு 130 லீற்றர் சொச்சம். ஒரு பீலியும் 2,000 லீற்றர் தாங்கியும் இருந்தால் மழையில்லாத இரண்டு கிழமையைத் தாண்டலாம். பீலி வைக்காவிட்டால் நட்டம் இரட்டிப்பு. கூரைத் தண்ணீர் முழுதும் நடைவழியில் கொட்டி, பாத்தி ஓரத்தை அரித்துக்கொண்டு போகும். மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் இருக்கிறது, மண் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

குறையும் உண்டு. ஜூன் ஜூலைக் காற்று கூரையைத் தூக்கும். பொலித்தீனை ஆணியடித்து இறுக்காமல், மேலே குறுக்குக் கயிறு போட்டு அழுத்துங்கள். பெருங்காற்றில் கயிறு அறுந்தாலும் பொலித்தீன் மிஞ்சும். ஆணி என்றால் ஆணி இருந்த ஓட்டையிலிருந்து நீளவாட்டில் கிழியும்.

மூடிய டனல்

தும்புத்தூள் பை, சொட்டுக்குழாய், கரைத்த பசளை, சுற்றிலும் பூச்சி வலை. பார்க்க அழகு. பழம் மண்ணில் படாது, சதுர மீற்றருக்குச் செடியும் கூட வைக்கலாம், மண்ணிலே நோய் இருக்கும் நிலத்துக்கு இதுதான் வழி. சரியாக நடத்தினால் மூன்றிலும் கூடுதல் விளைச்சல் இதில்தான். பிரச்சினை அந்த "சரியாக" என்ற சொல்லில் இருக்கிறது.

காலை ஆறு மணிக்கு ஒரு மூடிய டனலுக்குள் போய் மேலே பாருங்கள். பொலித்தீனின் உள்பக்கம் முழுதும் துளித்துளியாக வியர்த்திருக்கும். கையால் ஒரு தட்டுத் தட்டினால் மழை. மழைக்காகப் போட்ட கூரைக்குள்ளேயே மழை பெய்கிறது, அதே சாம்பல் பூஞ்சணம் வருகிறது. உச்சியில் காற்றுத் திறப்பும், மேலே சுருட்டக்கூடிய பக்கத் திரையும் இல்லாத டனலை இந்த ஊரில் கட்டவே கூடாது. வெயில் ஏறியவுடன் திரை சுருட்டப்பட வேண்டும். மறந்தால் மதியம் உள்ளே 35 பாகை தாண்டும், மகரந்தம் செத்துப் பூ உதிரும்.

திரை சுருட்டி ஈரம் குறைந்தால் இரண்டு புதிய விருந்தாளிகள்: தூள் பூஞ்சணமும் செஞ்சிலந்தியும். திறந்த பாத்தியில் மழை கழுவிவிடும் செஞ்சிலந்திக்கு டனல் மாளிகை. இலையின் அடியில் மெல்லிய வலையும், மேலே ஊசி குத்தினாற்போல் வெளிர்ப் புள்ளியும் தெரிந்தால் அந்த இலைகளை அன்றே பறித்துப் பையில் கட்டுங்கள். தூள் பூஞ்சணத்துக்குக் கந்தகம் அடிப்பார்கள். அடிக்கலாம், ஆனால் கந்தகம் பொலித்தீனில் உள்ள யூவி தடுப்பை முறித்து அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பூச்சி வலை தேனீயையும் தடுக்கும். பூவை மென்மையான தூரிகையால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவ ஆள் வேண்டும்.

தும்புத்தூளை வாங்கியபடியே நிரப்பாதீர்கள். நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவி, கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி கழுவினால்தான் அதில் ஒட்டியிருக்கும் சோடியம் விலகும். பசளைக் கரைசலின் ஈசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தல் எண்) 1.2க்கும் 1.5க்கும் இடையில் போதும். தக்காளிக்குக் கொடுக்கும் கரைசலை அப்படியே திருப்பிவிட்டால் விளிம்பு கருகும். உப்புத் தேங்காமலிருக்க, விடும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு அடியால் வழிய வேண்டும். அந்த வழிவு எங்கே போகிறது என்பதுதான் இந்த முறையின் அசிங்கமான பக்கம். நைத்திரேற்றோடு பக்கத்து ஓடைக்குள் போகிறது. ஒரு சரிவுக் குழாயில் சேர்த்து லீக்ஸ் பாத்திக்கோ மாட்டுப்புல்லுக்கோ திருப்பலாம், பெரிய செலவில்லை.

பனி இரவு

டனலை விற்பவர்களின் கடைசி வாதம் உறைபனி. டிசெம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை, மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரையின் சூடு வானுக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்கும். சூடாக்கி இல்லாத ஒற்றைப் பொலித்தீன் டனல் இதை நிறுத்தாது. பொலித்தீன் வெளிச்சத்தை விடுவது போலவே தரையின் வெப்பக் கதிரையும் வெளியே விட்டுவிடும். உள்ளே வெளியேயை விட ஒன்றிரண்டு பாகைதான் கூட இருக்கும், சில இரவு அதுவும் இராது.

பூ கருகியதா என்று பார்க்க இதழைப் பார்க்காதீர்கள். இதழ் வெள்ளையாகவே இருக்கும், நடுவிலிருக்கும் மஞ்சள் குமிழ் மட்டும் கறுத்திருக்கும். அந்தப் பூவில் இனிப் பழமில்லை. செடி சாகாது, அடுத்த பூங்கொத்து வரும்.

மலிவான பாதுகாப்பு: பனி வரும் என்று தெரிந்த நாளில் நண்பகலிலேயே பாத்தி மண்ணை நனையுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். மாலையில் அக்ரோ துணியை (செடி மூடும் மெல்லிய துணி) வளைவுக் கம்பிமேல் போர்த்துங்கள், இலையில் படாமல். தண்ணீர் தெளிப்பதானால் வெப்பம் சுழியத்தைத் தொடுமுன் தொடங்கி, காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். நடுவில் மோட்டர் நின்றால் ஒன்றும் தெளிக்காமல் இருந்ததை விட மோசம். மூன்று முறைக்கும் இது ஒன்றுதான். பள்ளத்தில் இருக்கும் நிலம் என்றால் வேலியின் கீழ்ப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள், குளிர்க்காற்று இறங்கிப் போக வழி வேண்டும்.

பாத்தியை எதால் மூடுவது

கறுப்புப் பொலித்தீன் களையை நிறுத்தும், பழத்தைச் சுத்தமாக வைக்கும். ஆனால் மெல்லியது, இரண்டு பருவத்தில் துண்டு துண்டாக மண்ணோடு கலந்துவிடும், பொறுக்கி எடுக்க முடியாது. பைனஸ் ஊசியிலை இலவசம், தண்ணீர் வடியும், நத்தைக்கும் பிடிக்காது. மண்ணைப் புளிப்பாக்கும் என்ற பயம் மிகை, மேலே பரப்பும் ஐந்து சென்றிமீற்றர் ஒன்றும் செய்யாது. மானாப்புல் என்றால் பூக்குமுன் வெட்டிக் காயவைத்தது மட்டும். விதையோடு போட்டால் அடுத்த வருடம் மானாத் தோட்டம்தான்.

காசு நெருக்கமென்றால் நான்கு பேர்ச்சையும் ஒரேயடியாகக் கூரை போட வேண்டியதில்லை. இரண்டு பாத்திக்கு மட்டும் கூரை கட்டி, மற்ற ஆறில் மரக்கறியே இருக்கட்டும். ஒரு மழைக்காலப் பழத்தை விற்று அடுத்த கூரை. பழைய பொலித்தீனை எரிக்காமல் சுருட்டி வையுங்கள். 200 மைக்ரோனில் நூறு சதுர மீற்றர் 18 கிலோவுக்கு மேல் எடை, மீள்சுழற்சிக்கு எடுப்பவர்களுக்கு அது கொடுக்கக்கூடிய அளவு. கிழியாத துண்டுகள் கூட்டெருக் குவியலை மழையிலிருந்து மூட இன்னும் ஒரு வருடம் உழைக்கும்.