ஆர்எக்ஸ் 100 கிராங்க் சீல் வாங்குவோர் கவனத்துக்கு: உறை கம்பெனியுடையது, உள்ளே இருப்பது போலி

யமஹா ஆர்எக்ஸ் 100 எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் பூட்டும் நண்பர்கள் என்னைப் போல ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சென்னையில் பல ஆண்டுகளாக உதிரிபாகம் விற்றுவரும் ஒரு கடையில், 'கம்பெனி அயிட்டம்' என்று உறுதி சொல்லி எனக்கு விற்ற இரண்டு கிராங்க் சீல்களும் (கிராங்க் ஷாஃப்டின் இரு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) போலி. அவற்றால், அப்போதுதான் போர் செய்திருந்த (உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்திய) சிலிண்டரும் புதுப் பிஸ்டனும் பாழாயின. நியாயம் கேட்கப் போனால், "மெக்கானிக்கிடம் கொடுக்காமல் வீட்டில் வைத்துப் பூட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று பழியை என் மீதே போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வண்டி 1985 முதல் 1996 வரைதான் இந்தியாவில் தயாரானது. உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஓட்டுபவர்கள் குறையவில்லை என்பதால், போலிப் பாகங்களுக்கு நல்ல சந்தை இருக்கிறது. ஓர் இண்டிகேட்டர் போலியாக இருந்தால் மாற்றிவிட்டுப் போகலாம். கிராங்க் சீல் அப்படியல்ல. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தச் சீல் கசிந்தால் பெரும்பாலும் ஆயில் வெளியே சொட்டுவதோடு முடிந்துவிடும். ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினிலோ, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸ்தான் முதலில் உள்ளிழுத்து, பின் அழுத்தி மேலே அனுப்புகிறது. மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் கார்புரேட்டருக்குத் தெரியாமல் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோலும், அதோடு கலந்து எஞ்சினை வழவழப்பாக்கும் 2டி ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு, சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வருவதோடு, பிளக்கும் அடிக்கடி நனையும்.

சீல்களைப் பூட்டியதில் குறை எதுவும் இல்லை. ஷாஃப்டில் சாவி உட்காரும் பள்ளமான சாவிக்காடியில் லிப் (ஷாஃப்டைத் தொடும் சீலின் உள்விளிம்பு) கிழிபடாமல் இருக்க டேப் சுற்றி, லிப்பில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க் கேஸை நோக்கி இருக்கும்படி வைத்து, சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான சாக்கெட்டைக் கொண்டு சாயாமல் இறக்கினேன். ஷாஃப்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டியும் பார்த்தேன், வழவழப்பாகவே இருந்தது. ஆயினும் ரன்னிங்-இன் (புதுப் பாகங்கள் படிய மெதுவாக ஓட்டும் காலம்) முடிவதற்குள், எஞ்சின் சூடானதும் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காத கோளாறு தொடங்கியது. கார்புரேட்டரின் காற்றுத் திருகை எப்படித் திருப்பினாலும் மாற்றமில்லை. வண்டியை ஓரங்கட்டிக் காரணம் தேட முடிவு செய்து வீடு திரும்பும் வழியிலேயே பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

சிலிண்டரைச் சரிசெய்த பிறகு கசிவுச் சோதனை செய்தேன். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ரப்பர் வைத்து அடைத்து, எஞ்சினுக்குள் 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றேற்ற வேண்டும். ஆறு நிமிடம் அந்த அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். இதற்குத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் டயல் கருவியின் பம்பும் டயலுமே போதும், அதில் 300 என்ற கோடு சுமார் 5.8 பிஎஸ்ஐ. என் எஞ்சினில் முள் நிற்கவேயில்லை. மேக்னெட் பக்கச் சீலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவியதும் ஷாஃப்டை ஒட்டி நுரை பொங்கியது. கியர் ஆயில் ஊற்றும் துளையின் மேல் சோப்புப் படலம் வைத்தால் அதுவும் உப்பியது, அதாவது இரண்டு சீலுமே கசிந்தன.

கழற்றிப் பார்த்தபோது, லிப்பை அணைத்துப் பிடிக்க வேண்டிய வளையமான ஸ்பிரிங்கின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. ரப்பர் விறைத்து, விரலால் மடக்கியதும் விளிம்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. பெட்ரோலையும் சூட்டையும் தாங்கும் ரப்பராக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாது. பிறகு அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்கிய சீலை அதன் அருகில் வைத்துப் பார்த்தேன். டீலரிடம் வாங்கியதில் தயாரிப்பாளரின் குறியும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய அளவுகளும் ரப்பரிலேயே வார்க்கப்பட்டிருந்தன. கடைக்காரர் கொடுத்ததில் அவை மையால் அச்சிடப்பட்டு, பெட்ரோல் துணியால் துடைத்ததும் அழிந்துபோயின.

இந்தத் துடைப்புச் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். தவிர, உறையில் தயாரிப்பாளரின் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்ஆர்பி, புகார் தொடர்பு ஆகியவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள், ஏனெனில் பொட்டலப் பொருள்களுக்கு இவை சட்டப்படி கட்டாயம். பாகத்தின் பெயரோடு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். எனக்கு வெறும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கப் பார்த்தார்கள், வற்புறுத்திய பின்தான் பில் கிடைத்தது. பூட்டும் முன் சீலையும் உறையையும் படமெடுத்து வையுங்கள். புது சீல் பூட்டியதும் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன்பே கசிவுச் சோதனையும் செய்யுங்கள். ஆனால் என்னுடையதைப் போலச் சூட்டில் பழுதாகும் சீல் முதல் நாள் சோதனையில் தேறிவிடவும் கூடும். ஆகையால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது.

சிலிண்டர் இப்போது 0.25 மி.மீ. கூடுதல் விட்டத்திலிருந்து 0.50 மி.மீ.-க்குப் போய்விட்டது, இனி அதைத் திரும்பப் பெற வழியில்லை. சீலின் விலையைத் திருப்பித் தரக்கூடக் கடைக்காரர் மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீர்வு கிடைக்காவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு சீல்களையும், விட்டுப்போன ஸ்பிரிங்கையும், உறையையும், பில்லையும் ஒன்றாகக் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.