ஊர்த் திட்டத்துக்குச் சிறுமானியம்: ஜெஃப்பா, ஜப்பானா?

ஊர்த் திட்டத்துக்கு ஜெஃப் (GEF, உலகச் சூழல் நிதியம்) தரும் சிறுமானியமா, ஜப்பான் தூதரகம் தரும் மானியமா? வெள்ளவத்தையில் ஊர்ச் சங்கம் கூடினால் இந்தக் கேள்வி வரும். இரண்டுக்கும் கொழும்பில்தான் விண்ணப்பம். தனியாளுக்கு இரண்டுமே இல்லை.

நோக்கம்: யூஎன்டிபி (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) வழியாக 1992 முதல் உலகளவில் நடக்கும் ஜெஃப் சிறுமானியம் சூழலுக்கானது; காடு, மண், காலநிலை. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மானியம் கட்டடம், குடிநீர், கருவிகளுக்கு.

தொகை: ஜெஃப்பில் நெடுநாளாக உச்சம் 50,000 டொலராக இருந்தது. ஜப்பானில் அதைவிடக் கூட.

நம் பங்கு: இங்கேதான் ஏழைச் சங்கத்துக்கு ஜெஃப்பில் வாய்ப்பு. சிரமதான உழைப்பையும் பங்களிப்பாகக் கணக்கிடலாம். ஜப்பான் பணத்தில் சங்கத்தின் அன்றாடச் செலவை ஓட்ட முடியாது. கட்டி முடித்தபின் பராமரிப்பு உங்கள் தலையில்.

குளக்கரையில் மரம் நட, விதை காக்க ஜெஃப். பாலர் பாடசாலைக்கு வகுப்பறை என்றால் ஜப்பான். ஆனால் காணி உறுதியை முதலில் சரிபாருங்கள், வழக்கில் கிடக்கும் காணியோடு போகவேண்டாம்.