வீட்டு நாஸ் பெட்டியில் யாருக்கு எழுதும் உரிமை: ஐந்து ஆண்டு அனுபவம்

2021 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களைத் தேடினேன். வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கோப்புக் கிடங்காக இருக்கும் நாஸ் பெட்டியில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்த படங்களில் 2009 மட்டும் காணவில்லை. பெட்டியின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. எடுத்தவரின் ஸ்டூடியோவும் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இரண்டு மணி நேரம் வயிற்றைப் பிசைந்தது. கடைசியில், 2013ஆம் ஆண்டின் கொடைக்கானல் கோப்புறைக்குள் முழு 2009உம் பத்திரமாக இருந்தது. ஏழு வயது மகள் மடிக்கணினியில் படம் பார்த்தபோது மவுஸில் பிடித்து இழுத்துவிட்டிருக்கிறாள். ஒரே பகிர்வுக்குள், அதாவது நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஒரே கோப்புறைக்குள், இடம் மாறிய கோப்பு அழிக்கப்பட்டதாகக் கணக்கில் வராது. அதனால்தான் குப்பைத் தொட்டி காலியாக இருந்தது.

குழந்தை மேல் தவறில்லை. வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பயனர் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்து, எல்லாக் கோப்புறைகளிலும் எழுதும் உரிமையைத் திறந்து வைத்திருந்தவன் நான். பெட்டியை வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. அதுவரை பாதுகாப்பு என்றால் வெளியாள் நுழையாமல் தடுப்பது என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இதில் எழுத வேண்டிய தேவை உண்மையில் யாருக்கு இருக்கிறது?

பதில் எழுதிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. படங்களைச் சேர்ப்பது நானும் மனைவியும் மட்டும். டிவிக்குப் படித்தால் போதும். அம்மாவின் டேப்லெட்டுக்கும் அப்படியே. பத்திரம், பட்டா, ஆதார் நகல் இருக்கும் கோப்புறையை டிவி பார்க்கவே வேண்டியதில்லை. ஆகவே ஆளுக்கொரு கணக்கு, டிவிக்குத் தனிக் கணக்கு, கணினிகளின் காப்பு நகலுக்கு இன்னொரு கணக்கு என்று பிரித்தேன். டிவியில் கடவுச்சொல் எப்போதும் சேமிக்கப்பட்டே இருக்கும். ரிமோட்டை எடுக்கும் யாரும் அந்த உரிமையுடன் உள்ளே போகலாம். படிக்க மட்டும் அனுமதி பெற்ற கணக்கு என்றால் அதைப் பற்றிக் கவலை இல்லை. காப்பு நகல் கோப்புறையில் என் அன்றாடக் கணக்குக்குக்கூட எழுதும் உரிமை கிடையாது. மடிக்கணினியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் ஏதாவது புகுந்தால், அது என் உரிமையைக் கொண்டுதான் வேலை செய்யும். எனக்கு எழுத முடியாத இடத்தில் அதனாலும் எழுத முடியாது.

இந்தப் பிரிவினையில் இரண்டு இடங்களில் தடுமாறினேன். என் பெட்டியில் குழுவுக்கும் ஆளுக்கும் வெவ்வேறு அனுமதி இருந்தால், 'அனுமதி இல்லை' என்பதே எல்லாவற்றையும் வெல்லும். கண்டிப்பாக இருக்க எண்ணி, எல்லாப் பயனரும் இயல்பாகச் சேரும் பொதுக் குழுவுக்கு அதைக் கொடுத்தேன். மறுநிமிடம் மனைவிக்கும் கதவு அடைத்துக்கொண்டது. பொதுக் குழுவுக்கு எந்த அனுமதியும் குறிக்காமல் விட்டுவிட்டு, உரிமையை ஆளுக்குக் கொடுப்பதே சரி.

இரண்டாவது, விண்டோஸின் குணம். ஒரே நாஸ் பெட்டியுடன் ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் இணைய அது ஒப்பாது. மனைவியின் கணக்கில் திறந்திருக்கும்போது பத்திரக் கோப்புறைக்கு என் பெயரைக் கொடுத்தால் பிழைச்செய்தி வரும். கடவுச்சொல்தான் தவறு என்று நினைத்து அரை நாளைத் தொலைத்தேன். ஏற்கெனவே உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு வர வேண்டும், அல்லது கணினியிலேயே ஆளுக்கொரு கணக்கு வைக்க வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அனுமதியையும் அப்போதே மூடினேன். உறவினர் ஒருவர் மூடாமல் வைத்திருந்தார். 2024 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பு ஏறியதும் அவருடைய பகிர்வு திறக்கவில்லை. தரவுப் பொட்டலங்களில், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும் என்பது அந்தப் பதிப்பின் இயல்புநிலை. விருந்தினராக நுழைபவருக்குக் கடவுச்சொல் இல்லாததால் கையொப்பமிடச் சாவியும் கிடையாது. பாதுகாப்பைத் தளர்த்தும் வழிகள் இணையத்தில் ஏராளம். அவருக்கு ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுக்க எனக்கு மூன்று நிமிடம்தான் ஆனது. எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையையும் தயங்காமல் அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் கேட்கும் நச்சுநிரல் உலகம் முழுவதும் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

கோப்புறையை நெட்வொர்க் பட்டியலில் மறைத்து வைக்கும் வசதியைப் பலர் பாதுகாப்பாக எண்ணுகிறார்கள். பெயரைத் தட்டச்சு செய்தால் அது திறந்துவிடும். அனுமதியைச் சரிசெய்யாமல் மறைப்பதில் பயனில்லை.

சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றி வைக்கும் குறியாக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்காக. பத்திரக் கோப்புறையை மட்டும் குறியாக்கம் செய்தேன். பெட்டியையே யாராவது தூக்கிச் சென்றாலும் படிக்க முடியாது. ஆனால் நகலெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் ஏற மறுத்தன. அடியில் இருந்த முறை ஈகிரிப்ட்எஃப்எஸ். அதில் கோப்புப் பெயர் 143 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது கணினி தனித்தனியாக எண்ணும் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும், மூன்று பைட்டுகள் ஆகும். 'கு' என்பதில் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக ஆறு. 'தாத்தா கிரயப் பத்திரம் வில்லங்கச் சான்றுடன் சர்வே எண் திருத்தியது' போன்ற பெயர் எளிதில் எல்லையைக் கடந்துவிடும். பெயர்களைச் சுருக்கி, விவரத்தைத் தனி உரைக்கோப்பில் எழுதி வைத்தேன். இன்னொரு சிரமம், மின்வெட்டுக்குப் பிறகு பெட்டி மறுபடி எழும்போது அந்தக் கோப்புறை பூட்டியே இருக்கும். தானாகத் திறக்கும் வசதி இருக்கிறது, ஆனால் சாவியையும் அதே பெட்டியில் வைத்துவிட்டால் திருடனுக்கு என்ன தடை? ஒவ்வொரு முறையும் நானே திறக்கிறேன். சாவியின் நகல் ஒன்று காகிதத்தில், பீரோவில் இருக்கிறது.

வெளிக்கதவை 2021 ஏப்ரலில்தான் பார்த்தேன். கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத் தாக்கிய கியூலாக்கர் என்ற நச்சுநிரல், கோப்புகளைக் கடவுச்சொல்லுடன் 7-ஜிப் சுருக்குக் கோப்புகளில் அடைத்து 0.01 பிட்காயின் கேட்ட செய்தி அப்போது வந்தது. என் பெட்டி வேறு நிறுவனத்துடையது. இருந்தாலும் ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். கருவிகள் கேட்டால் ரவுட்டர் தானே வழிவிடும் யூபிஎன்பி என்ற வசதி வழியாக நிர்வாகப் பக்கத்துக்கு ஒரு வாசல் தானாகத் திறந்திருந்தது. பெட்டியின் பதிவேட்டில் 'அட்மின்' என்ற பெயரில் தோற்ற நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. அன்றிரவே யூபிஎன்பியை நிறுத்தினேன். 'அட்மின்' கணக்கை முடக்கி, வேறு பெயரில் நிர்வாகக் கணக்கு தொடங்கி, இரட்டைச் சரிபார்ப்பும் வைத்தேன். இப்போது வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாக மட்டுமே.

இத்தனைக்குப் பிறகும் எழுதும் உரிமை உள்ள இருவரில் ஒருவர் தவறு செய்யலாம். அதற்கு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையைப் பதிந்து வைத்து, பிறகு அதற்குத் திரும்ப உதவும் வசதி. பகலில் மணிக்கொரு முறை, அதோடு நாளுக்கு ஒன்றாக முப்பது நாட்களுக்கு வைத்திருக்கிறேன். மாறிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிப்பதால் வட்டு நிரம்பவில்லை. இதுவரை நான்கு முறை கைகொடுத்திருக்கிறது, அதில் மூன்று முறை பிழை என்னுடையது. ஆனால் ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே வட்டுகளில்தான். இரண்டு வட்டுகளிலும் ஒரே தரவு எழுதப்படும் ரெய்டு 1 இருந்தும், பெட்டி தீப்பிடித்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

அதனால் இரண்டு யூஎஸ்பி வட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று இங்கே அலமாரியில், நகலெடுக்கும்போது மட்டும் செருகப்படும். மற்றது திருச்சியில் அண்ணன் வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்கிறோம். மாற்றும் நாளில் ஏதாவது ஒரு கோப்புறையை அங்கேயே மீட்டுத் திறந்து பார்ப்பது வழக்கம். போன பொங்கலுக்கு அண்ணி 2009ஐத் தேர்ந்தெடுத்தார். எல்லாப் படங்களும் திறந்தன.